தன்னைத் தேடிப் போனவரின் காலுறை

மனிதர்களில் ஒரு வகை உண்டு. வெளிநாடு போய்வந்தவர்கள் என்று அவர்களைப் பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. வேலைக்குப் போகிறவர் போகிறார், வருகிறார், ஒரு மிட்டாய் டப்பா கொண்டுவருகிறார், அதோடு சரி. ஊர் பார்க்கப் போகிறவர் கோபுரத்தின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்குகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். அவராலும் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்லும் வகை வேறு. இவர்கள் தங்களைத் தேடிக்கொண்டு போகிறவர்கள். தனியாகத்தான் போவார்கள். உள்ளூரில் இருக்கும் ஆளை எதற்காகக் கடல் தாண்டிப் போய்த் தேடுகிறீர்கள் என்று கேட்டால், உங்களை இரக்கத்தோடு பார்ப்பார்கள். சரி, போனார்கள், தேடினார்கள், கண்டுபிடித்துக்கொண்டும் வந்துவிட்டார்கள். அப்போதாவது நம்மை விடுகிறார்களா? இல்லை. நாவல் எழுதுகிறார்கள்.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். சர்க்கரை இல்லாமல் தேநீர் குடிப்பார்கள். குடித்துக்கொண்டே ஜன்னலைப் பார்ப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான் இருக்கும், அதையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். 'நான் அந்த ஊருக்குப் போனேன்' என்று இவர்கள் வாயிலிருந்து வராது. 'அந்த ஊர் என்னைக் கூப்பிட்டது' என்பார்கள். எத்தனை நாள் இருந்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "அதெல்லாம் நாள் கணக்குல சொல்ற விஷயம் இல்லைங்க" என்று பதில் வரும். பதினோரு நாள் என்று விடுப்பு விண்ணப்பத்தில் தெளிவாக எழுதி, அவர்களே கையெழுத்தும் போட்டிருப்பார்கள். விமானச் சீட்டின் கிழிந்த பாதி ஏதோ ஒரு தடிப் புத்தகத்துக்குள் அடையாளத் தாளாகச் செருகியிருக்கும். ஆறு மாதமாக அதே பக்கத்தில் இருக்கும். தெருவில் யாராவது ஆஸ்பத்திரிக்கு வழி கேட்டால்கூட, நேராகப் போய் இடது பக்கம் திரும்புங்கள் என்று சொல்ல இவர்களுக்கு மனசு வராது. "வழி தெரியாம நடந்து பாருங்களேன், அதுல ஒரு சுகம் இருக்கு" என்பார்கள். கேட்டவர் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு நிற்பார்.

எனக்குத் தெரிந்த ஒருவரையே உங்களுக்குக் காட்டிவிடுகிறேன். கடைகளில் இருக்கும் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவர் ஆய்வாளர். வேலையில் கெட்டிக்காரர்; அரைக் கிலோ கல்லில் இரண்டு கிராம் குறைந்தாலும் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு நாள், ஆடி நின்ற தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தன் வாழ்க்கையிலும் ஏதோ குறைகிறது என்று பட்டுவிட்டது. என்ன குறைகிறது, எவ்வளவு குறைகிறது? அதற்கு அலுவலகத்தில் கல் இல்லை. ஆகவே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத் தனியாக வெளிநாடு கிளம்பினார். திரும்பி வந்ததிலிருந்து அலுவலகத்தில் அவருக்குக் கடல்தாண்டி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். காதில் விழுந்த அன்றைக்கே, முகத்துக்கு நேராகவும் அப்படியே கூப்பிடும்படி அவர் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு ஒரு மனைவி உண்டு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவருடைய நாவலை நீங்கள் முழுக்கப் படித்தாலும் இது தெரியவராது. கடைத்தெருவில் ஓர் அச்சகத்தில் அவளுக்கு வேலை. கையெழுத்தில் வருவதைக் கணினியில் தட்டச்சு செய்து, பக்கமாக்கி, பிழை திருத்தி, இயந்திரத்துக்கு அனுப்புவாள். கோழி கிளறின மாதிரி எழுத்தாக இருந்தாலும் தட்டுத் தடுமாறாமல் படித்துவிடுவாள். பத்தொன்பது வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எந்தக் கையெழுத்துதான் பெரிசு?

அவர் கிளம்பியபோது பையை அடுக்கியது அவள்தான். இழுத்து மூடுவதற்கு முன்னால், "ஒரு தடவ பாத்துக்கோங்க, எது எங்க இருக்குன்னு" என்று சொன்னாள்.

"தேடிப் போறவனுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கக் கூடாது" என்றார் கடல்தாண்டி.

அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே முதல் அழைப்பு வந்துவிட்டது. ஏதோ படிவம் நிரப்ப வேண்டுமாம், பேனா எங்கே என்று கேட்டார். முன் அறையில், சின்ன ஜிப்புக்குள் என்றாள். அதன் பிறகு பதினோரு நாளில் அறுபத்துநான்கு முறை கூப்பிட்டார். குளியலறையில் வெந்நீர் எந்தப் பக்கம் வரும், சட்டைக்கு இஸ்திரி போடுகிற பெட்டி சூடாகாமல் இருக்கிறதே ஏன், இந்த ஊர் ரொட்டியைத் தின்றால் வயிறு கடமுடா என்கிறது அதற்கு எந்த மாத்திரை. ஒருநாள் குளிக்கும் துண்டோடு அறைக்கு வெளியே வந்துவிட்டார், கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. நல்லவேளையாகக் கையில் சாவி அட்டையும் போனும் இருந்தன, ஆனால் அட்டை வேலை செய்யவில்லை. நடைபாதையில் துண்டோடு நின்றுகொண்டு கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த மனைவியைக் கூப்பிட்டார். அவள், "அட்டையத் திருப்பிச் சொருகிப் பாருங்க" என்றாள். திறந்துவிட்டது.

இத்தனைக்கும் அவள் சும்மா இருந்து பேசவில்லை. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையால் தட்டச்சு செய்துகொண்டே பேசினாள். அந்த வருஷம் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஏழாவது தீர்மானத்துக்குக் கீழே, 'சிவப்புப் புள்ளி இருக்கிற குழாயைத் திருப்புங்க, கொஞ்ச நேரம் விட்டாத்தான் சூடா வரும்' என்று அச்சாகியிருந்தது. உறுப்பினர்கள் அதையும் ஏகமனதாக நிறைவேற்றிவிட்டார்கள்.

திரும்பி வந்த கடல்தாண்டி பதினான்கு மாதம் நாவல் எழுதினார். வீட்டில் பாத்திரம் உருண்டால் குற்றம், குக்கர் கூவினால் குற்றம். சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்த மனைவி, அன்றைக்கு அவர் எழுதிய தாள்களை வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்ய வேண்டும். நாவலின் பெயர் 'யாருமற்ற கரை'. அதன் முதல் வரி இது: 'எனக்கென்று யாருமில்லை, ஆகவே நான் எல்லோருமாக இருக்கிறேன்.'

அவள் அதைத் தட்டச்சு செய்து முற்றுப்புள்ளி வைத்த நேரத்தில், உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"இங்க பாரு, தேநீர் ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் குடேன்."

யாருமில்லாதவருக்குத் தேநீரைச் சூடு பண்ணிக் கொடுத்துவிட்டு வந்து இரண்டாவது வரிக்குப் போனாள். 'ஜன்னலில் ஒரு திரை இருந்தது' என்றது இரண்டாவது வரி. அந்தத் திரை மூன்று பக்கத்துக்கு ஆடியது.

அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தன்னைக் கதாநாயகி ஆக்குவார் என்றெல்லாம் எதிர்பார்க்கவில்லை. எங்காவது ஒரு வரியில், ஒரு ஓரத்தில், 'வீட்டில் ஒருத்தி இருந்தாள்' என்று வந்தால் போதும் என்று நினைத்தாள். அந்த ஒரு வரிக்காகத்தான் ஒவ்வொரு தாளையும் ஆர்வத்தோடு எடுத்தாள். ரயில் நிலையத்துப் புறாவுக்கு ஐந்து பக்கம் வந்தது. கால் கொப்புளத்துக்கு ஆறு பக்கம் வந்தது. அதற்குப் 'பாதத்தின் ஞானம்' என்று தனித் தலைப்பு. தவறான பேருந்தில் ஏறி, ஊரெல்லாம் சுற்றி, ஏறின இடத்திலேயே வந்து இறங்கியதற்கு முப்பத்தொரு பக்கம். ஏரிக்கரை பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் வந்து, புரியாத மொழியில் ஏதோ சொல்ல, நாயகனுக்கு அந்தக் கணத்தில் எல்லாமே புரிந்துவிடுகிறது. அது ஒன்பது பக்கம். அன்றைக்கு அவர் போனில் சொன்னது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "ஒரு அம்மா வந்து பையை எடுன்னு கைகாட்டுச்சு. எடுத்துட்டேன். பாதி பெஞ்ச அதுவே அடைச்சிருச்சு" என்றுதான் சொன்னார்.

அவள் எங்கும் இல்லை.

பாதிக்கு மேல் தாண்டிய பிறகுதான் ஒரு சொல் அவள் விரலில் இடறியது. 'கதவு எப்படியோ திறந்தது.' 'தண்ணீர் எப்படியோ சூடானது.' 'பையில் எப்படியோ ஒரு பிளாஸ்திரி இருந்தது.' கணினியில் தேடும் வசதி இருக்கிறதே, தட்டிப் பார்த்தாள். எப்படியோ என்ற சொல் நாவலில் நாற்பத்தோரு இடத்தில் வந்திருந்தது. நாற்பத்தோரு இடத்தையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தாள். எல்லாம் அவள்தான். அவளுக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் சிரிப்பும் வந்தது, எதை முதலில் செய்வது என்று தெரியாமல் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அன்று சாப்பிடும்போது கேட்டேவிட்டாள்.

"ஏங்க, இதுல நான் எங்கயுமே வரலையே."

"நீ எப்படி வருவ? நீ அங்க வரவே இல்லையே."

"போன்ல வந்தேனே."

கடல்தாண்டி ஜன்னலைப் பார்த்தார். "போனெல்லாம் நாவலுக்குள்ள வராது. தனிமை கெட்டுப்போயிரும்" என்றார். பிறகு உப்பு எங்கே என்று கேட்டார். அது அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

நாவல் அவள் வேலை செய்யும் அச்சகத்துக்கே வந்தது. அச்சகக்காரர் பொல்லாதவர் இல்லை, ஆனால் காகிதம் வீணானால் அவருக்குச் சோறு இறங்காது. புத்தகம் அச்சடிக்கிற முறை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்: ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகி, மடிந்து வரும். அதைப் பாரம் என்பார்கள். ஆகப் புத்தகம் பதினாறு பதினாறாகத்தான் வளரும். கடல்தாண்டியின் நாவல் முந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று பக்கத்தில் வந்து நின்றது.

"அம்மா, இருபத்தஞ்சு பாரத்துக்கு ஏழு பக்கம் குறையுது" என்றார் அச்சகக்காரர். "ஏழு பக்கம் வெள்ளையா விட்டா நல்லாயிருக்காது. ஒண்ணு, ஒன்பது பக்கம் வெட்டச் சொல்லுங்க, இருபத்து நாலு பாரத்துல முடிச்சிரலாம். இல்ல, ஏழு பக்கம் சேத்து எழுதச் சொல்லுங்க. புறாவ வெட்டினாலே பாதி வேலை முடிஞ்சிரும்."

அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். இந்த வகையினருக்கு ஒரு விசேஷ குணம் உண்டு, கவனித்துக்கொள்ளுங்கள். எழுதியதைத் திரும்பப் படிக்க மாட்டார்கள். நமக்கு மட்டும் அந்தத் தண்டனையைக் கொடுப்பார்கள்.

"ஒரு எழுத்தக்கூட வெட்ட முடியாது" என்றார் கடல்தாண்டி. "சேக்கவும் மாட்டேன். எழுதினதத் திரும்பிப் பாக்கிறது, கடந்து வந்த பாதையில திரும்பி நடக்கிற மாதிரி. நான் முன்னாடி போயிட்டேன்."

"அப்ப அந்த ஏழு பக்கம்?"

"நீயே ஏதாவது பண்ணிக்கோ."

மறுநாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன வேளையில், அவள் சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். கையெழுத்துப் பிரதி எதுவும் முன்னால் இல்லை. ஆனாலும் விரல் நிற்கவில்லை. யோசித்து எழுத வேண்டியிருந்தால்தானே நிற்பதற்கு? அறுபத்துநான்கு அழைப்பும் அவளுக்கு மனப்பாடம். வர்ணனை இல்லை, திரை இல்லை, புறா இல்லை. இரண்டு பேர் பேசுவது மட்டும்தான். அதில் ஓர் இடம் இப்படி வரும்:

"காலுறை எங்க?"

"நீலத் துணிப்பையில."

"நீலத் துணிப்பை எங்க?"

"உங்க பைக்குள்ளதான், சட்டைக்கு அடியில. நம்ம வீட்டு அலமாரியில மூணாவது தட்டுல இருக்குமே, அதே பை."

"அப்படி ஒண்ணு வீட்டுல இருக்கா?"

"பன்னெண்டு வருஷமா இருக்கு. கிடைச்சுதா?"

"கிடைச்சுது. சரி, போன வை. நான் தனியா இருக்கணும்."

அந்த ஏழு பக்கத்தையும் புத்தகத்தின் நட்டநடுவில், பேருந்து ஊரைச் சுற்றி வந்து நின்ற இடத்துக்கு அடுத்தாற்போல வைத்தாள். கடைசிப் பார்வை பார்த்த அச்சகக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "அம்மா, இது பிரதியில இல்லையே" என்றார்.

"எப்படியோ வந்துருச்சு அண்ணே."

அவர் ஏழு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு இயந்திரத்தைப் போட்டார்.

வெளியீட்டு விழா நூலகத்து மாடியில் நடந்தது. நாற்பது நாற்காலியில் இருபத்தாறு பேர். கடல்தாண்டியின் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரிடம், "தம்பி தன்னந்தனியா உலகத்தையே சுத்திட்டான், அங்க ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி மூன்றாவது வரிசையில், கணவருடைய குடையையும் பிளாஸ்கையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு அவர் அந்தப் பக்கங்களைக் கேட்டால் என்ன செய்வார்? கோபித்துக்கொள்வாரா? தன்னைப் பார்ப்பாரா? அவர் ஒரு தடவை திரும்பித் தன்னைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது, கோபமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

விமர்சனம் செய்ய ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்திருந்தார். தொழில் தெரிந்தவர். எந்தப் புத்தகமாக இருந்தாலும் முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம் மூன்றையும் படித்துவிட்டு முக்கால் மணி நேரம் பேசக்கூடியவர்.

"உள்ளத உள்ளபடி சொல்றேன், ஆசிரியர் தப்பா நெனைக்கக் கூடாது" என்று தொடங்கினார். "எனக்கு இந்த நாவல் கொஞ்சம் ஏமாற்றம்தான். தொடக்கத்துல ஒரு திரை ஆடுது. முடிவுலயும் அதே திரைதான் ஆடுது. நடுவுல காத்து மாறின மாதிரிகூடத் தெரியல." கூட்டத்தில் சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "ஆனா ஒண்ணு. சரியா நடுவுல ஒரு ஏழு பக்கம் இருக்கு பாருங்க. நான் நிறையப் பயண நாவல் பாத்திருக்கேன், இப்படி ஒண்ணப் பாத்ததில்ல. கொஞ்சம் வாசிக்கிறேன்."

வாசித்தார். துண்டோடு நடைபாதையில் நின்ற இடம் வந்ததும் கூட்டம் சிரித்தது. ரொட்டியும் வயிறும் வந்தபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காலுறை வந்தது. 'சரி, போன வை. நான் தனியா இருக்கணும்' என்ற வரிக்குச் சிரித்த சிரிப்பில் நூலகர் மாடிப்படி ஏறி வந்து எட்டிப் பார்த்தார். அதன் பிறகு என்ன ஆயிற்றென்றால், மெல்லமெல்லச் சிரிப்பு நின்றுபோய், எல்லோரும் பேசாமல் கேட்க ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

மனைவி சிரிக்கவில்லை. மேடையில் கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அவர் புருவம் சுருங்கியது. தன்னுடைய முத்திரை இல்லாத எடைக்கல்லை யாரோ தராசில் தூக்கி வைத்துவிட்ட மாதிரி, கழுத்தை நீட்டிப் பேராசிரியர் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். தன் பெயர்தான் இருந்தது. கைதட்டல் எழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தலையாட்டத் தொடங்கினார். சரி, அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏற்புரையில் கடல்தாண்டி சொன்னார்: "அந்த ஏழு பக்கம். அத எழுதும்போது நான் அழுதேன். போன்ல அந்தப் பக்கம் பேசறது யாருன்னு நீங்க கேக்கலாம். அது வெளியில இருக்கிற ஆள் இல்ல. அது என்னோட ஆன்மா."

ஆன்மா மூன்றாவது வரிசையில் பிளாஸ்கின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தது.

விழா முடிந்ததும் கையெழுத்து வாங்க ஒரு வரிசை நின்றது. மனைவியும் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. பதினோரு பேருக்கு அப்புறம் அவள் முறை வந்தது. கடல்தாண்டி குனிந்தபடி எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்ப்பது எழுத்தாளருக்கு அழகில்லை என்று எங்கோ பார்த்து வைத்திருந்தார்.

"பேர் சொல்லுங்க" என்றார்.

அவள் பிரதியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"போன்ல அந்தப் பக்கம் இருந்தவங்களுக்குன்னு எழுதுங்க."

"நல்லாயிருக்கே" என்று சொல்லிக்கொண்டே, 'போனின் அந்தப் பக்கம் இருந்தவருக்கு, தேடல் தொடரட்டும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, நீட்டினார். "அடுத்தவங்க" என்றார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் கண்ணாடிக் கூடு எங்கே என்று கேட்டார். இடது பக்கச் சட்டைப் பையில் என்றாள்.

இரண்டு மாதம் கழித்து அவரை வேறொரு ஊர் கூப்பிட்டது. இந்த முறை மௌனப் பயணம் என்றார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகப் போகிறாராம். அந்த ஏழு பக்கத்தைப் பாராட்டினவர்களெல்லாம், அடுத்த நாவலில் உங்கள் ஆன்மாவோடு இன்னும் கொஞ்சம் பேசுங்கள் என்று தூண்டிவிட்டிருந்தார்கள். கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது, மனைவி காலையில் கைப்பையை மாட்டிக்கொண்டு, "பையை நீங்களே அடுக்கிக்கோங்க. எனக்கு அச்சகத்துல அவசர வேலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கடல்தாண்டி அலமாரியைத் திறந்தார். பத்தொன்பது வருஷமாக அது அந்த அறையில்தான் இருக்கிறது. அவர் அதன் கதவைத் திறந்து துண்டு எடுத்திருக்கிறார், சட்டை எடுத்திருக்கிறார். அதாவது, முன்னால் எடுத்து வைத்திருந்ததை எடுத்திருக்கிறார். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போனதில்லை. போர்வை வந்தது. தலையணை உறை வந்தது. யாருடையது என்று தெரியாத ஒரு ஸ்வெட்டர் வந்தது. ஒரு மணி நேரத்தில் அறையில் கால் வைக்க இடம் இல்லை. காலுறை மட்டும் வரவில்லை. மௌனப் பயணம் நாளைக்குத்தானே தொடங்குகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அச்சகக்காரர் எடுத்து, "அம்மா வேலையா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்த மாதிரி இருந்தது.

அவர் துணிக்குவியலுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார். தன்னைத் தேடுவதைவிடக் காலுறையைத் தேடுவது கஷ்டம் என்று அந்த மனிதருக்கு அப்போதுதான் தெரிந்தது. சாய்ந்து உட்காரலாம் என்று கையை ஊன்றினால், மனைவியின் துணிகளுக்கு நடுவில் கனமாக ஏதோ தட்டுப்பட்டது. 'யாருமற்ற கரை'. அவர் கையெழுத்தே போட்டிருந்தது. போனின் அந்தப் பக்கம் இருந்தவருக்கு. யாருக்கோ எழுதிக் கொடுத்தது இங்கே எப்படி வந்தது என்று யோசித்துக்கொண்டே எடுத்தார். புத்தகம் தானாக நடுவில் விரிந்தது. ஒரே இடத்தைப் பல தடவை படித்தால் புத்தகம் அப்படி விரியும்.

தன் நாவலை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் படித்தார். ஏழு பக்கம். படித்து முடித்துவிட்டுப் புத்தகத்தைக் கட்டிலில் வைத்தார். பிறகு எழுந்து, அலமாரியில் தட்டுகளை மேலிருந்து எண்ணி, மூன்றாவது தட்டில் கைவிட்டார். நீலத் துணிப்பை இருந்தது. அதற்குள் காலுறை ஆறு ஜோடி, ஜோடி ஜோடியாக மடித்து இருந்தது.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவளே எடுத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது.

"சொல்லுங்க."

"காலுறை கிடைச்சுது."

"சரி."

"அந்த ஏழு பக்கம் நான் எழுதலையே."

"இல்ல."

"மேடையில அழுதேன்னு வேற சொன்னேனே."

"கேட்டேன்."

அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. அறுபத்துநான்கு அழைப்பிலும் இப்படிச் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு அவர் இருந்ததில்லை.

"எனக்கு யாருமில்லைங்கிற முதல் வரி தப்பு போலயிருக்கே" என்றார்.

"டைப் பண்ணும்போதே பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"எழுத்துப் பிழையத்தான் நான் திருத்தலாம். அது எழுத்துப் பிழை இல்லையே."

இயந்திரம் ஒரு பாரத்தை முடித்து நின்றது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இங்க பாரு, பேனா எங்க இருக்கு?" என்று கேட்டார்.

அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் வரைக்கும் யாரோடும் பேசாமல் வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், கட்டிலுக்கு அடியில் விற்காமல் கிடந்த நானூற்றுச் சொச்சம் பிரதிகளும் கூடமெல்லாம் பரவியிருந்தன. கடல்தாண்டி நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் திறந்து, முதல் வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக்கொண்டிருந்தார். எடை குறைந்த கல்லை அலுவலகப் பதிவேட்டில் அப்படித்தான் அடித்து ஒப்பம் இடுவார்கள், பழக்கம் போகுமா? பாதிக்கு மேல் முடித்திருந்தார். கைவிரலெல்லாம் மை.

"பேனா கிடைச்சுதா?" என்று கேட்டாள்.

"தேடினேன்" என்றார் அவர், நிமிர்ந்து அவளைப் பார்த்து.

அவள் கைப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து நீட்ட ஆரம்பித்தாள். இப்போது அந்த நாவல் 'ஜன்னலில் ஒரு திரை இருந்தது' என்று தொடங்குகிறது. முன்னைக்கு இது தேவலை. மௌனப் பயணம் தள்ளிப்போயிருக்கிறது; அந்த ஊர் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றார். நாவலைப் படிக்கலாமா என்று கேட்கிறீர்களா? நடுவில் ஏழு பக்கம் படியுங்கள். மிச்சத்துக்குப் புறா இருக்கிறது.

ஆனால் அவரைப் பார்த்து நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்களே, அதுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. நான் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை, நாவலும் எழுதவில்லை, சர்க்கரை போட்டுத்தான் தேநீர் குடிக்கிறேன் என்கிறீர்கள். நல்லது. ஒரு சின்னச் சோதனை வைத்துக்கொள்வோம். இதை இப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய், உங்கள் காலுறையை எடுத்துக்கொண்டு வாருங்கள். காலுறை போடாதவராக இருந்தால் நகவெட்டி. யாரிடமும் கேட்கக் கூடாது, உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் விதி. அவசரமில்லை, நான் இங்கேயேதான் இருப்பேன்.

என்ன, அதற்குள் கூப்பிட்டுவிட்டீர்களா?